இல்-பிசாரில் இறங்கிய அம்மன்

என் நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன டாக்டர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வேலை முடிந்து மொன்றியல் டவுன்டவுனிலிருந்து அஹுன்ட்சிக்கிலுள்ள வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். மெற்றோ இரண்டு நிலையங்களுக்கு நடுவில் காரணம் சொல்லாமல் நின்றது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. நடந்தது அவ்வளவுதான். என் நெஞ்சு இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பி, தொண்டைக்குள் ஏறி நின்று பறையடித்தது. விரல்கள் மரத்தன. சட்டை முதுகோடு ஒட்டியது. பக்கத்து இருக்கைப் பெண் தன் தண்ணீர்ப் போத்தலை என் கையில் திணித்துவிட்டுப் பெட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்து, வயர்கள் ஒட்டிப் பார்த்து, இரத்தம் எடுத்து, கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, இதயம் அருமையாக வேலை செய்கிறது, உங்களுக்கு வந்தது வெறும் பயம் என்றார்.

வெறும் பயம். எத்தனை சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, முகத்தில் கொட்டாவி வருவதுபோல் நடித்துக்கொண்டு நின்றவன் நான். அங்கெல்லாம் வராத பயம், கனடாவில், உட்கார இடம் கிடைத்த ஒரு ரயிலில் வருவதென்றால் அது எனக்குச் செய்த அவமானம் இல்லையா? இதயத்தில் அடைப்பு என்றால் நாலு பேர் பழப்பையோடு வந்து பார்ப்பார்கள். பயத்தைப் பார்க்க யார் வருவார்கள்? என் மனைவி அன்றைக்கே ரொறன்ரோவிலிருக்கும் தன் தங்கைக்கு ரெலிபோனில் செய்தி வாசித்தாள்.

"அவருக்கு வருத்தம் ஒண்டுமில்லையாம். சும்மா பயந்து போனவராம்."

மனைவி யாழ்ப்பாணம். சைவம். கார்டரியில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், பகல் முழுக்க மூக்கு வடியும் பிள்ளைகளைப் பார்ப்பவள். மாலையில் என்னைப் பார்ப்பாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவளுடைய கருத்து. நான் மட்டக்களப்பு. அப்பா பக்கம் அம்மன் கோயில், அம்மா பக்கம் மாதா கோயில். ஞாயிறு பூசைக்கும் வைகாசிச் சடங்குக்கும் எனக்கு ஒரே வெள்ளைச் சட்டைதான் இருந்தது. ஒரு தெய்வமும் அதைப் பற்றி முறைப்பாடு செய்ததில்லை. கலியாணத்துக்குப் பிறகு என் மட்டக்களப்புத் தமிழ் யாழ்ப்பாணத்துக்கு மதம் மாறிவிட்டது. மற்றபடி நான் மாறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழில் என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது. வாடிக்கையாளர் கத்துவார், நான் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்பேன். பழக்கம் முற்றி, மெற்றோக் கதவு மூடினாலும் கதவிடம் 'பார்தோன்' சொல்வேன். ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் பகிடி எழுதுவேன். என் பயத்தைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. பகிடிக்காரன் பயந்தான் என்று தெரிந்தால் பிறகு யார் சிரிப்பார்கள்?

பயத்துக்கு மருந்து, அஹுன்ட்சிக்கில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கிடைத்தது. அந்தத் தேவாலயத்தில் பாதியை வீடுகளாக்கி விற்றுவிட்டார்கள். அந்த வீடுகளுக்கு அடியில், செவ்வாய்க்கிழமை மாலைகளில், பத்துப் பன்னிரண்டு பேர் மடக்குக் கதிரைகளை வட்டமாகப் போட்டு வாய் பேசாமல் இருப்பார்கள். மௌனச் செபம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, தட்டு நீட்டுவது இல்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்துக்கொள்ள வேண்டும். நினைவு எங்காவது ஓடினால் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லி இறைவன் பக்கம் திரும்ப வேண்டும். மற்றவர்கள் கருணை, சமாதானம் என்று அழகழகான சொற்களை வைத்திருந்தார்கள். நான் 'சரி' என்பதை வைத்துக்கொண்டேன். நெஞ்சு அடிக்கிறதா? சரி. செத்துவிடுவேன் போலிருக்கிறதா? சரி. மேலே வீடு வாங்கியவர் தூசு உறிஞ்சும் மெஷினை இழுக்கிறாரா? அதுவும் சரி.

சிரிக்காதீர்கள், வேலை செய்தது. சில வாரங்களில் மெற்றோவில் ஏறினேன். அந்த மடக்குக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் என் நெஞ்சு எனக்குச் சொந்தமான ஒரு சாதுவான பிராணிபோல் படுத்திருக்கும். அதற்குள் மாதா இருந்தாளா, இயேசு இருந்தாரா, வெறும் மூச்சா, நான் கேட்கவில்லை. தண்ணீர் கிடைத்தவன் கிணற்றின் உறுதிப் பத்திரத்தைக் கேட்பதில்லை. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு நோட்டரி. ஆயுள் முழுக்க மற்றவர்களின் காணி எல்லைகளை எழுதியவர், பஞ்சுபோன்ற குரல். சின்ன வெண்கல மணியை அடித்துத் தொடங்குவார், அதையே அடித்து முடிப்பார்.

ஆனால் எனக்கு அதற்கு முன்பே இன்னோர் இடமும் இருந்தது. அதுதான் வினை.

மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் என்கிற தீவில், பஸ் எப்போதாவது மனமிரங்கி வரும் ஒரு தெருவில், பல் சுத்தம் செய்யும் தொழில் செய்கிற ஓர் அம்மணியின் வீட்டுப் பின்வளவில் பேகன்கள் கூடுவார்கள். கிறிஸ்தவம் வருமுன் ஐரோப்பாவில் கும்பிட்ட தெய்வங்களை, மரத்தை, நெருப்பை, பெண் தெய்வத்தை, புதிதாகக் கும்பிடத் தொடங்கியவர்கள். பெரும்பாலும் கியூபெக்கின் பழைய கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். சில வருடங்களுக்கு முன் வேலைத்தலத்துச் சிநேகிதர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். பகிடிக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று போனவன் மரத்தடியில் எரிந்த விளக்கைப் பார்த்ததும் எழுதுவதை மறந்துவிட்டேன். மொன்றியல் கோயில்களில் எனக்கு என்னவோ விருந்தாளிபோல் இருக்கும். மார்பிளும், மைக்கும், சமஸ்கிருதமும். இங்கே கூரையில்லை. பறை இருந்தது. பெண் தெய்வத்தைப் பார்த்து நேராக 'வா' என்றார்கள்.

மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

"பஸ் ஏறினா கோயில் வருது. நீங்கள் வெள்ளையளிட்டப் போய் அம்மனைப் படிக்கிறியள்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு இல்-பிசார் பஸ்சுக்கு ஓடினேன்.

கோடையின் மிக நீண்ட பகலை அந்த வட்டத்தில் விழாவாகக் கொண்டாடுவார்கள். சென்ற ஆனி மாதம் அந்த விழாவில்தான் நடந்தது. மாலையாகியும் வெயில் தோலை உரித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் நடுவில் நெருப்பும் வளர்த்திருந்தார்கள். நாலு திசைகளையும் அழைத்து முடித்து, நெருப்பின் தாயை அழைக்கும் நேரம், அம்மணி என் பக்கம் திரும்பினார். உங்கள் மக்களிடம் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், உங்கள் மொழியில் நீங்களே அழையுங்கள் என்றார்.

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பொறி வேண்டாம். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெய்வம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று கண்கள் சொல்கின்றன. தொண்டையைச் செருமினேன். எங்கள் ஊர்ச் சடங்கில் கட்டாடியார், அதாவது அம்மனுக்குப் பூசை செய்பவர், அவளை இறங்கச் சொல்லிப் பாடும் வரிகள் என்னையறியாமல் வந்தன. நல்ல உரத்துப் பாடினேன். பறை பிடித்துக்கொண்டது. எனக்கே உடம்பு புல்லரித்தது. அயல்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என் ஆத்திரம்.

அப்பத்தைப் பகிர்ந்தார்கள். கைகோத்துச் சுற்றினார்கள். முடிக்கும்போது, வழக்கமாகச் சொல்வதுபோல், போக விரும்பினால் போ, இருக்க விரும்பினால் இரு என்று தெய்வத்திடம் சொல்லிவிட்டு, எல்லோரும் கொண்டைக்கடலை மசியல் இருந்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

இருக்க விரும்பினால் இரு! அம்மனிடம்! தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் அம்மனை அழைப்பது பாதி வேலைதான். அழைத்தால் அவள் வெக்கையோடு வருவாள். சடங்கு முடிகிற நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி, குளிர்ந்தருளு தாயே என்று பாடி அவளை ஆற்ற வேண்டும். குளிர்த்தி என்பார்கள். அது முடியும்வரை ஊரில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடமாட்டார்கள். குளிர்த்தி செய்யாத அம்மன், ஊருக்குள் அடுப்பை அணைக்காமல் விட்டதுபோல. அம்மை வரும், கண் நோய் வரும், வயல் கருகும்.

நான் அம்மணியிடம் ஓடினேன். அவளை ஆற்ற வேண்டும், கொஞ்சம் தண்ணீராவது வையுங்கள் என்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார். பல் பிடுங்கப் போகிறவரிடம் சொல்வதுபோல் இதமாகச் சொன்னார்:

"நாங்கள் தேவியை அனுப்பி வைப்பதில்லை. அவள் நம் எல்லாருக்குள்ளும் இருக்கும் ஒரு சக்தி. ஓர் அடையாளம்."

உங்களுக்குள் இருப்பவள் அடையாளமாக இருக்கட்டும். நான் கூப்பிட்டது மட்டக்களப்பிலிருந்து ஒருத்தியை. அவளுக்கு அடையாளமாக இருந்து பழக்கமில்லை.

மனைவி என்னை ஏற்றிப்போகக் காரோடு வந்திருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தபோது நெஞ்சு பழையபடி தொண்டைக்கு ஏறியிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

"அம்மனைக் கூப்பிட்டுட்டன்."

"கூப்பிட்டா என்ன?"

"குளிர்த்தி செய்யேல்லை."

காரை மெதுவாக்கினாள். "இப்ப ஆள் எங்க?"

"தெரியேல்லை."

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். "பெல்ற் போட்டிருக்கிறாவோ எண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை வெட்கம்.

மறுநாள் மொன்றியலில் வெப்ப அலை தொடங்கியது. வருடம் தவறாமல் வருவதுதான். வானொலியில் ஒரு வாரமாகவே எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பயந்தவனுக்கு வானிலை அறிக்கை எதற்கு? இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக் குளிரூட்டி இருமிவிட்டு நின்றது. மூன்றாம் நாள் மனைவியின் கார்டரியில் ஒரு குழந்தைக்கு உடம்பில் கொப்புளம் போட்டது. வேர்க்குரு என்றார்கள். எனக்கா தெரியாது அது என்னவென்று. வேலையில் ஒரு வாடிக்கையாளர் மின்வெட்டைப் பற்றிக் கத்தியபோது, அவருக்கு அல்ல, மொன்றியல் நகரத்துக்கே மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்துவதை நிறுத்தி, நீங்கள் நலமா என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து கீழ்த்தளத்துக்கு ஓடினேன். கதிரையில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. சரி என்றேன். நெஞ்சு கேட்கவில்லை. சரி, சரி, சரி என்று கடைக்காரன்போல் சொல்லிப் பார்த்தேன். தவிப்பு ஏறிக்கொண்டே போனது. எழுந்து வாசற்படியில் போய் இருந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். நோட்டரி பின்னால் வந்தார். நல்ல மனிதர், ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டியது. உள்ளதெல்லாம் சொல்லிவிட்டேன். இல்-பிசார், நெருப்பு, பாட்டு, ஆற்றாமல் விட்ட அம்மன்.

அவருடைய முகம் மெல்ல மூடியதைப் பார்த்தேன். ஒருவர் தன் வீட்டுக் கதவை விருந்தாளிக்கு நோகாமல் சாத்துவதுபோல் இருந்தது. இவ்வளவு காலமும் அந்தக் கூட்டத்துக்கும் போய்வந்தீர்களா என்று கேட்டார். போனேன் என்றேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நான் ஒளிக்கவும் இல்லை. அப்படியான அழைப்புகளால் திறக்கும் கதவுகள் ஆபத்தானவை, அழைத்தால் வருவது தெய்வம் அல்ல, தெய்வத்தின் வேஷத்தில் வேறொன்று என்றார். பிறகு பஞ்சுக் குரலில், கடைசிப் பத்தியை வாசிக்கும் நோட்டரியாக:

"அதைக் கைவிட்டதாக நீங்கள் சொல்லும்வரை, மற்றவர்களின் நன்மைக்காக, நீங்கள் இங்கே உட்காராமல் இருப்பது நல்லது."

மற்றவர்களின் நன்மைக்காக! மேலே தூசு உறிஞ்சுபவருக்கு இல்லாத தடை எனக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கப்படி மன்னிப்புக் கேட்டேன். 'பார்தோன்' என்று சொல்லி, தண்ணீருக்கு 'மெர்சி'யும் சொல்லி, வெளியே வந்து, டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் நின்று ஒரு ஐஸ்பழம் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் பஸ்சைத் தவறவிட்டு அடுத்ததில் வரும்.

அந்தக் கோபத்தோடு அம்மணிக்குப் போன் எடுத்தேன். ஒரு கேள்விதான்: ஒரு சனிக்கிழமை உங்கள் வளவுக்கு வந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கூப்பிட்ட இடத்திலேயே அவளை ஆற்றிவிட்டுப் போகட்டுமா? அவர் யோசித்துச் சம்மதிக்கப் போனார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தேவாலயத்தில் மௌனச் செபத்தில் இருந்தபோது நெஞ்சு எப்படி அடித்தது என்று விவரித்தேன். மறுமுனையிலிருந்து ஒரே மூச்சில் திட்டு வந்தது. கோபம் வந்தால் தேவாலயத்துப் பூசைச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவது இந்த மாகாணத்து வழக்கம். அம்மணி நற்கருணைப் பேழையில் தொடங்கிப் பாத்திரம் வரைக்கும் ஒன்றும் விடவில்லை. தேவாலயத்தைவிட்டு அவர் வந்து இத்தனை வருடமாகியும் சாமான்கள் எல்லாம் வாயில் பத்திரமாக இருந்தன.

அவருடைய தாயைக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் விரல் முட்டிகளில் அடித்த கதையையும் சொன்னார். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அடித்தது நானா? சிலுவையின் கீழ் உட்கார்ந்துவிட்டு வருகிறவரை வட்டத்துக்குள் விட முடியாது, தெரிவு செய்துவிட்டு வாருங்கள் என்று போனை வைத்தார்.

ஆக ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலும் தள்ளிவைத்துவிட்டார்கள். விவாகரத்தான தம்பதியின் நடுவில் பிள்ளை நிற்பதுபோல் நான் நிற்கிறேன். அவர்கள் சண்டை அவர்களுடையது, பல தலைமுறைச் சண்டை, பிரெஞ்சில் நடப்பது. எங்கள் வீட்டில் ஒரே வெள்ளைச் சட்டையில் தீர்ந்துபோன விவகாரம். அதைவிட என்னை எரித்தது இன்னொன்று. ஒருவர் அவளை அடையாளம் என்றார். மற்றவர் பிசாசு என்றார். அவள் வந்திருக்கிறாள் என்பதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. வெயிலில் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தந்த குவளையில் பாதி மிஞ்சித்தான் இருந்தது.

வீட்டில் வந்து மேசையில் குத்திக் குத்தி இதையெல்லாம் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்கள் போகாட்டி அந்தக் கதிரையில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. மடிச்சு வைப்பினம்."

"பேந்தென்ன. விரிச்சுப் போட்டு இருங்கோவன்." கீரைத் தண்டை முறித்தாள். "முதல்ல இந்த மனுசியை அனுப்பி வையுங்கோ. எனக்கும் வெக்கை தாங்கேல்லை."

அவள் நம்பினாளா, பகிடி பண்ணினாளா, கேட்கத் துணிவில்லை. எங்கள் வீட்டுக்குள் பூச்சாடியில் ஒரு வேம்பு நிற்கிறது. வந்த காலத்திலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் சாகப் பார்த்து, ஒவ்வொரு வசந்தத்திலும் மனம் மாறி, என் இடுப்புக்கு மேல் வளர மறுக்கும் மரம். அதிலிருந்து ஒரு இலையை ஆய்ந்தாலே சத்தம் போடுகிறவள், சனிக்கிழமை காலையில் தானே ஒரு கொப்பு ஒடித்து, மஞ்சள் கரைத்த தண்ணீர்ச் சருவத்தில் போட்டு, அது தளும்பாமல் மடியில் வைத்திருக்கச் சொல்லி என்னைக் காரில் ஏற்றினாள்.

அம்மணியின் வளவுக்குள் போக முடியாது. தீவின் கரையில் தண்ணீரண்டை போய் நின்று செய்வோம் என்று தீர்மானித்தோம். கார் நிறுத்த இடம் தேடியதில் ஒரு வரிசையில் போய் நின்றுவிட்டோம். அது கோடையில் கார்களை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை லாவலுக்கு ஓடும் பாதைப் படகுக்கு நிற்கும் வரிசை. பின்னால் இரண்டு வாகனம் வந்து அடைத்துக்கொண்டது. படகுக்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மனைவிக்குப் பின்னுக்கு எடுக்க வழியில்லை. அம்மனும் சருவமும் நாங்களுமாகப் படகில் ஏறினோம்.

படகு ஆற்றின் நடுவுக்கு வந்தபோது காரைவிட்டு இறங்கி, சருவத்தோடு கம்பியோரம் நின்றேன். இனிப் பாட வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அழைக்கும் பாட்டு பறையோடு, கூட்டத்தோடு, விழித்திருந்து கேட்டது. குளிர்த்திப் பாட்டு நீளம். அதைப் பாடும் நேரம் பிள்ளைகள் எல்லாம் கோயில் மணலில் உறங்கிவிடுவோம். எனக்குத் தெரிந்தது கூப்பிட மட்டும்தான். நெஞ்சு ஏறியது. தண்ணீருக்கு நடுவில், ஓட வழியில்லாத இடத்தில், மெற்றோவைப்போலவே.

வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த மற்றதைச் செய்தேன். சரி என்றேன். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் படித்ததை, எங்கள் ஊர் அம்மனுக்கு, ஒரு பாதைப் படகில். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பாட்டு மறந்தவன் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும். வேப்பங்கொப்பைத் தோய்த்துத் தோய்த்து ஆற்றுப் பக்கம் தெளித்தேன். சரி. இன்னொரு தரம். சரி. படகின் சங்கிலிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. யாரோ கார் வானொலியை நிறுத்தினார்கள்.

அப்போது மனைவி சருவத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"முதல்ல உங்களை ஆத்துவம். நீங்கள்தான் கொதிக்கிறியள்."

மீதித் தண்ணீரை முழுக்க என் தலையில் ஊற்றினாள். மஞ்சள் கண்ணுக்குள் போனது. வேப்பிலை சட்டைக்குள் இறங்கியது. சைக்கிளோடு நின்ற ஒரு கிழவர், இந்த வெயிலுக்கு நல்ல யோசனை என்று பெருவிரலை உயர்த்தினார். நான் வாய்விட்டுச் சிரித்தேனா அழுதேனா என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அவள் இரண்டும் இல்லை, விக்கினீர்கள் என்கிறாள்.

அம்மன் குளிர்ந்தாளா? எனக்குத் தெரியாது. வெப்ப அலை அதன்பிறகும் இரண்டு மூன்று நாள் நீடித்தது. கடைசியில் மழை வந்தபோது வானொலிக்காரர் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை மெற்றோவில் பயம் மறுபடி வந்தது. சரி என்றேன். அது இறங்கிப் போகவில்லை. ஆனால் தொண்டைக்கு ஏறாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு பயணியைப்போல் பக்கத்தில் நின்றபடி வீடுவரைக்கும் வந்தது. அதற்கு எனக்கு அந்தக் கதிரை வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தெரிவு செய்யவும் மாட்டேன், கைவிட்டதாகச் சொல்லவும் மாட்டேன். அம்மணிக்கும் எழுதிவிட்டேன்: அடுத்த வருடம் நெருப்பு வளர்த்தால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் என்னுடையது. பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கீழ்த்தளத்துக்குப் போனேன். வட்டம் போட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். என் கதிரை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தது. மணியைக் கையில் வைத்திருந்த நோட்டரி என்னைப் பார்த்து, முடிவு எடுத்துவிட்டீர்களா என்று மெல்லக் கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். என்ன முடிவு என்றார். உட்காருவது என்றேன்.

கதிரையை எடுத்து விரித்தேன். மடக்குக் கதிரை விரியும்போது போடும் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மௌனத்தில் அது ஒரு மாடு கத்தியதுபோல் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. என் வாயில் 'பார்தோன்' வந்து நின்றது. பல்லைக் கடித்து உள்ளேயே வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்தது. நோட்டரி மணியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். மேலே யாரோ தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டார்கள். அது ஒரு முறை அறை முழுக்க இழுபட்டு, சுவரில் மோதி, திரும்பி வந்தது.

பிறகு மணி அடித்தது.